அரை மணி நேரத்துக்குப் பிறகு: தொடர் கண்காணிப்பில் பயிற்சி எதைத் திருத்தும், எதைத் திருத்தாது

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டன் விமானப்படையின் கடலோரப் பிரிவுக்கு ஒரு கேள்விக்கு விடை தேவைப்பட்டது. அதன் விமானங்கள் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடி பிஸ்கே வளைகுடாவின் மேல் மணிக்கணக்கில் பறந்தன. விமானத்துக்குள் ஒருவர் ரேடார் திரையின் முன் அமர்ந்திருப்பார். நீர்மூழ்கி நீர்மட்டத்துக்கு வந்தால் திரையில் சின்னஞ்சிறு புள்ளி ஒன்று தோன்றும். பெரும்பாலான பயணங்களில் அப்படி எதுவுமே தோன்றாது. தோன்றும் அந்த ஒரு தடவை அவர் அதைப் பார்த்துவிட வேண்டும். ஒருவரை எவ்வளவு நேரம் தொடர்ந்து அந்தத் திரை முன் உட்கார வைக்கலாம்?

கேள்வி கேம்பிரிட்ஜில் இருந்த பயன்முறை உளவியல் ஆய்வுப் பிரிவுக்கு வந்தது. அங்கே பணியாற்றிய நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரத்தைச் செய்தார். அதன் முகப்பில் எண்கள் கிடையாது. ஒரே ஒரு முள், வினாடிக்கு ஒரு முறை சிறு எட்டு வைத்து நகரும். நூறு எட்டில் ஒரு சுற்று முடியும். எப்போதாவது, முன்கூட்டிக் கணிக்க முடியாத ஒரு நொடியில், முள் ஓர் எட்டுக்குப் பதில் இரண்டு எட்டுத் தாவும். அதைக் கண்டதும் சாவியை அழுத்த வேண்டும். அரை மணி நேரத்தில் இப்படிப் பன்னிரண்டு தாவல்கள். தனி அறையில், தனி ஆளாக, இரண்டு மணி நேரம் இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் அரை மணி நேரத்தில் சுமார் 15 சதவீதத் தாவல்கள் தவறவிடப்பட்டன. இரண்டாவது அரை மணி நேரத்தில் அது 25 சதவீதத்தைத் தாண்டியது. அதன்பின் பெரிதாக ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. சரிவு நிகழ்ந்தது பணி முடியும் தறுவாயில் அல்ல, தொடங்கிய அரை மணி நேரத்துக்குள். உட்கார்ந்திருந்தவர்கள் பயிற்சி பெறும் இளம் விமானப்படையினர்; சோம்பேறிகள் அல்ல, தங்களுக்குத் தரப்பட்ட வேலை எதற்கானது என்று அறிந்தவர்கள். 1948-இல் மேக்வொர்த் வெளியிட்ட இந்த முடிவுகள்தான் தொடர் கவனம் பற்றிய ஆய்வு முழுவதற்கும் அடித்தளம்.

இன்று விமான நிலையத்தில் பைகளை ஊடுருவிக் காட்டும் எக்ஸ்ரே திரையின் முன்னால் இருப்பவர், கண்காணிப்புக் கேமராக்களின் சுவருக்கு எதிரே அமர்ந்திருப்பவர், ரயில் எஞ்சினில் அடுத்த சிக்னலை எதிர்நோக்கி இருப்பவர், நீச்சல் குளத்தின் உயரமான நாற்காலியில் இருக்கும் உயிர்காப்பாளர் எல்லோரும் அந்தக் கடிகாரத்தின் முன் அமர்ந்தவர்களின் வாரிசுகள். அவர்களில் ஒருவர் எதையாவது தவறவிட்டால் உடனே கேட்கும் இரண்டு குரல்கள் உண்டு. ஒன்று, ‘அலட்சியம்’. இன்னொன்று, ‘இவர்களுக்குச் சரியான பயிற்சி இல்லை’. முதலாவது பெரும்பாலும் அநியாயம். இரண்டாவதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று தெரியாமல் நடத்தப்படும் பயிற்சிதான் இன்று ஏராளம்.

சும்மா உட்கார்ந்து பார்ப்பது எளிய வேலை என்ற எண்ணத்தை முதலில் விட்டாக வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஜோயல் வார்ம் தம் சகாக்களோடு பல பத்தாண்டுகள் இதை ஆராய்ந்தார். இத்தகைய பணியில் இருப்பவர்களிடம் மனச்சுமையை அளந்தால் அது உயர்ந்த நிலையில் இருந்தது. பணி முடிந்து எழுந்தவர்களிடம் மன இறுக்கமும் கூடியிருந்தது. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தின் வேகத்தையும் அவர்கள் அளந்தார்கள். நேரம் ஆக ஆக, கண்டுபிடிக்கும் திறனோடு சேர்ந்து அந்த வேகமும் இறங்கியது. அதே திரையை, எதையும் கண்டுபிடிக்க வேண்டிய பொறுப்பு இல்லாமல் வெறுமனே பார்த்தவர்களிடம் இந்த இறக்கம் இல்லை. களைக்க வைப்பது திரை அல்ல, எதிர்பார்த்துக் காத்திருப்பது. மனம் சலித்து வேறெங்கோ அலைவதுதான் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் உட்கார்ந்திருப்பவர் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று இரு தரப்பிலும் யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பிரிவினையையும் இங்கே செய்துகொள்ள வேண்டும். ஒருவர் ஒரு பொருளைத் தவறவிடுகிறார் என்றால் இரண்டு விஷயங்கள் நடந்திருக்கலாம். அவருடைய காணும் திறனே மங்கியிருக்கலாம். அல்லது திறன் அப்படியே இருக்க, ‘இருக்கிறது’ என்று சொல்வதற்கு அவர் மனம் கேட்கும் சான்றின் அளவு உயர்ந்திருக்கலாம். இரண்டாவதுதான் நாம் அதிகம் கவனிக்காதது. நூறு பைகளில் ஒன்றுமில்லை, ஆயிரம் பைகளில் ஒன்றுமில்லை என்றால், ஆயிரத்து ஒன்றாவது பையில் தெரியும் சந்தேகத்துக்கிடமான நிழலையும் ‘குடைக் கம்பியாக இருக்கும்’ என்று மனம் தீர்த்துவிடுகிறது. கல் நிறைந்த ரேஷன் அரிசியைப் புடைத்துப் பழகிய கை ஒரு கல்லையும் விடாது. கல் நீக்கி வரும் பாக்கெட் அரிசியில் எப்போதோ கிடக்கும் ஒரே கல்தான் பல்லில் கடிபடுகிறது.

உளவியலாளர் ஜெரமி வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 2005-இல் இதை எண்களில் காட்டினார்கள். பயணப் பைகளின் எக்ஸ்ரே படங்களைப் போலப் பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் படங்களில் ஓர் இலக்குப் பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் இலக்கு இருந்தபோது மக்கள் தவறவிட்டது 7 சதவீதம். பத்தில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது 16 சதவீதம். நூறில் ஒன்றாகக் குறைந்தபோது 30 சதவீதம். தேடியவர்களின் கண்ணும் பொருளும் மாறவில்லை. இலக்கு அரிதாகியது மட்டுமே மாற்றம். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைப் படங்களைப் பார்க்கும் அனுபவம் மிக்க மருத்துவர்களிடமும் பின்னர் இதே போக்கு தெரிந்தது.

ஆகவே பயிற்சி என்று தொடங்கும்போது, எதைப் பயிற்றுவிக்கப் போகிறோம் என்ற கேள்வி எழுகிறது. கவனம் தாங்கும் நேரத்தையா? காணும் திறனையா? எதிர்பார்ப்பையா?

காணும் திறனைப் பயிற்றுவிப்பதில் கிடைத்திருக்கும் வெற்றி தெளிவானது. சுவிட்சர்லாந்தில் ஏட்ரியன் ஷ்வானிங்கரும் அவருடைய குழுவும் விமான நிலைய எக்ஸ்ரே பணியாளர்களுக்கெனக் கணினிப் பயிற்சியை உருவாக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். எக்ஸ்ரே படத்தில் ஒரு கத்தியைப் பக்கவாட்டில் பார்த்தால் யாருக்கும் தெரியும். விளிம்பு நம்மை நோக்கியிருந்தால் அது ஒரு கோடு மட்டுமே. துப்பாக்கி மடிக்கணினியின் அடியில் கிடந்தால் அதன் உருவம் கரைந்துவிடும். வெடிகுண்டின் பாகங்கள் தனித்தனியே பார்த்தால் வீட்டில் கிடக்கும் கம்பிகளும் பேட்டரியும்தான். இவற்றைப் பொது அறிவால் கண்டுபிடிக்க முடியாது. நூற்றுக்கணக்கான கோணங்களில், மறைப்புகளில், நெரிசல்களில் பார்த்துப் பார்த்துத்தான் கண் கற்கிறது. வாரந்தோறும் சிறிது நேரம் இப்படிப் பழகியவர்களிடம் முன்னேற்றம் பெரிதாக இருந்தது. குறிப்பாக வெடிகுண்டு போன்ற, அன்றாடம் பார்த்திராத பொருள்களில். இது தாங்கும் நேரத்தைக் கூட்டும் பயிற்சி அல்ல. ஆனால் இலக்கு எளிதாகத் துலங்கும் பணிகளில் கவனத்தின் சரிவும் குறைவு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த செய்தி. கண் தேர்ந்தவருக்கு அதே திரை இலேசாகிறது.

எதிர்பார்ப்பைப் பயிற்றுவிப்பதுதான் நுட்பமான இடம். இங்கேதான் நல்ல நோக்கத்தோடு தவறான பயிற்சி தரப்படுகிறது.

பொதுவாக ஒரு பயிற்சி வகுப்பு எப்படி நடக்கும்? நேரம் குறைவு, கற்பிக்க வேண்டியது அதிகம். எனவே ஒரு மணி நேரத்தில் ஐம்பது துப்பாக்கிகள், ஐம்பது கத்திகள். பயிற்சி பெறுபவர் அத்தனையையும் பிடித்துத் தேர்ச்சிச் சான்றிதழோடு வெளியே வருகிறார். மறுநாள் பணியில் வாரக்கணக்கில் ஒன்றுகூட வருவதில்லை. உளவியலாளர்கள் கோல்குஹூனும் பேட்லியும் 1964-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பயிற்சியின்போது இலக்குகளை அடிக்கடி கண்டவர்கள், அவை அரிதாக வரும் உண்மைப் பணிக்கு மாறியதும் அதிகமாகச் சரிந்தார்கள். சரிவின் ஒரு பகுதி களைப்பால் வந்ததே அல்ல. பயிற்சி விதைத்த பொய்யான எதிர்பார்ப்பு மெல்லக் கலைந்ததால் வந்தது. அறுபது ஆண்டுகளாக இது தெரிந்திருந்தும், ஒரு நாள் வகுப்பில் எல்லா ஆபத்துகளையும் காட்டி முடித்துவிடும் பழக்கம் மாறாதது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

அப்படியானால் பயிற்சியிலும் இலக்குகளை அரிதாக வைத்துவிடலாமா? வைத்தால் கற்க ஒன்றும் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கும் வழி 2007-இல் வுல்ஃப் குழுவின் இன்னொரு சோதனையில் கிடைத்தது. இலக்குகள் அரிதாக வரும் நீண்ட பணியின் இடையிடையே, இலக்குகள் அடிக்கடி வரும் சிறு சிறு பயிற்சிச் சுற்றுகளை வைத்தார்கள். அந்தச் சுற்றுகளில் மட்டும் ஒவ்வொரு விடைக்கும் சரி, தவறு உடனே சொல்லப்பட்டது. அதன் பயன் தொடர்ந்து வந்த அரிதான பகுதிக்கும் நீண்டது, தவறவிடுவது குறைந்தது. எதிர்பார்ப்பு தேயத் தேய அதை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள். பணியில் சேரும் முன் ஒருமுறை தருவது போதாது. பணிக்குள்ளேயே, பணி நேரத்திலேயே, திரும்பத் திரும்பத் தரப்பட வேண்டும்.

பல நாடுகளின் விமான நிலையங்களில் இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. உண்மையான பயணியின் பையைக் காட்டும் எக்ஸ்ரே படத்தின்மேல், கணினி அவ்வப்போது ஒரு கற்பனைத் துப்பாக்கியின் அல்லது வெடிகுண்டின் உருவத்தைப் பொருத்திக் காட்டும். பணியாளர் பொத்தானை அழுத்தினால், அது சோதனைப் படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள் என்று திரை சொல்லும். தவறவிட்டால் அதையும் சொல்லும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு வேலைகள் நடக்கின்றன: அரிதானது சற்று அடிக்கடி வருகிறது, செய்த வேலை சரியா என்ற செய்தியும் உடனே கிடைக்கிறது.

இந்தச் செய்தி எவ்வளவு பெரியது என்பதை மேக்வொர்த்தே கண்டிருந்தார். கடிகாரத்தின் முன் இருந்தவர்களிடம், ‘கண்டுபிடித்தீர்கள்’, ‘தவறவிட்டீர்கள்’ என்று ஒலிபெருக்கியில் ஒவ்வொரு முறையும் சொன்னபோது அந்தப் புகழ்பெற்ற சரிவு காணாமல் போனது. நடுவில் தொலைபேசியில் அழைத்து, இன்னும் நன்றாகக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொண்டபோதும் சிறிது நேரம் கவனம் மீண்டது. இவர்கள் உலகத்தோடு தொடர்பில்லாமல் அமர்ந்திருப்பவர்கள். தாங்கள் நன்றாகச் செய்கிறோமா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாத வேலை இது, ஏனென்றால் தவறவிட்டது எது என்பது தவறவிட்டவருக்குத் தெரியாது. ஏர்ல் வீனர் 1960களில் செய்த சோதனைகளில், இப்படிப் பின்னூட்டத்தோடு பயின்றவர்களுக்கு, பின்னூட்டம் நிறுத்தப்பட்ட பிறகும் அதன் பயன் ஓரளவு தங்கியது. இந்தத் துறையில் இதுவரை கிடைத்த பயிற்சி முறைகளில் உறுதியானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

உடலையும் வாயையும் கவனத்துக்குத் துணையாக்குவது வேறொரு வழி. ஜப்பான் ரயில்வேயில் ஓட்டுநர் சிக்னலைக் கையால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்வார். தனியாக இருந்தாலும் சொல்வார். 1994-இல் அந்நாட்டு ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் ஓர் எளிய பொத்தான் அழுத்தும் பணியில் இதைச் சோதித்தது. சுட்டாமலும் சொல்லாமலும் செய்தபோது நூறு செயல்களுக்கு 2.38 பிழைகள்; இரண்டையும் சேர்த்துச் செய்தபோது 0.38. நம் ரயில்வேயிலும் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் சிக்னலின் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லியாக வேண்டும் என்பது விதி. இதைச் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. கண் பார்த்ததைக் கை உறுதிசெய்து, வாய் அறிவித்து, காது திரும்பக் கேட்கிறது; பார்த்தும் பாராமல் கடந்துவிடுவது கடினமாகிறது. இது பயிற்சியால் மட்டுமே பழக்கமாகும், ஏனென்றால் முதலில் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும்.

அதே எஞ்சினில் விழிப்பைச் சோதிக்கும் கருவி ஒன்றும் இருக்கிறது. குறிப்பிட்ட நேரம் ஓட்டுநர் எந்தக் கட்டுப்பாட்டையும் தொடாவிட்டால் முதலில் விளக்கு மின்னும், அடுத்து ஒலி எழும், அதற்கும் பதில் இல்லையென்றால் பிரேக் தானாகப் பிடிக்கும். ஓட்டுநர் மயங்கிவிட்டால் ரயிலைக் காப்பாற்றும் அருமையான ஏற்பாடு. ஆனால் அது சோதிப்பது கை அசைகிறதா என்பதை. சிக்னலை மனம் வாங்கிக்கொண்டதா என்பதை அல்ல. அரைத் தூக்கத்திலும் கை பொத்தானை அழுத்தப் பழகிவிடும்.

இனி, தாங்கும் நேரத்தையே கூட்ட முடியுமா என்ற கேள்வி. முடியாது என்று ஒரே சொல்லில் சொல்ல முடியாது. 2010-இல் கேத்தரின் மெக்லீன், கலிஃபோர்னியாவின் கிளிஃபோர்ட் சேரன் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. கொலராடோ மலையில் ஒரு முகாமில் மூன்று மாதங்கள், நாளொன்றுக்குச் சுமார் ஐந்து மணி நேரம் தியானம் பழகியவர்களுக்கு, நுட்பமான வேறுபாட்டைக் கண்ணால் பிரித்தறியும் திறன் கூடியது. நீண்ட கண்காணிப்புப் பணியிலும் முன்னேற்றம் தெரிந்தது. மூச்சைக் கவனிக்கும் மரபு இதைக் கேட்டு வியக்காது. ஆனால் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் பார்க்கும் காவலருக்கு மூன்று மாத முகாமை யார் தருவார்கள்? காலையில் பத்து நிமிடம் கண்மூடி உட்கார வைத்துவிட்டு அதே பலனைக் கோருவது அந்த ஆய்வு சொல்லாத ஒன்றைச் சொல்வதாகும்.

மூளைப் பயிற்சி விளையாட்டுகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. டேனியல் சைமன்ஸும் சகாக்களும் 2016-இல் அதுவரை வந்த சான்றுகளை எல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். விளையாடும் விளையாட்டில் திறமை கூடுகிறது. அன்றாட வேலைக்கு அது கடந்து வருகிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவு. அதே ஆண்டு, லூமோசிட்டி என்ற விளையாட்டுச் செயலியின் நிறுவனம் ஆதாரமற்ற விளம்பரத்துக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கண்காணிப்புப் பணியாளர்களுக்கென்று இப்படிப்பட்ட செயலிகளை வாங்கும் நிறுவனங்கள் அந்தப் பணத்தில் இன்னொரு ஆளை நியமிக்கலாம்.

இன்னொரு ஆள் என்பது சும்மா சொன்னதல்ல. விமானப்படையின் கேள்விக்கு மேக்வொர்த் கண்ட விடையே அதுதான். அரை மணி நேரம் பார்ப்பது, அரை மணி நேரம் விலகி இருப்பது என்று மாறி மாறிச் செய்தவர்களிடம் சரிவு இல்லை. ஊக்க மருந்தான பென்சிட்ரின் கொடுத்தும் சரிவைத் தடுக்க முடிந்தது. ஒன்றுக்கு மாற்று ஆள் வேண்டும், மற்றொன்றுக்கு உடல் விலை கொடுக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு விதிகள் முதல் வழியை எடுத்துக்கொண்டன: எக்ஸ்ரே திரையைப் பொதுவாக 20 நிமிடங்களுக்கு மேல் தொடர்ந்து பார்க்கக் கூடாது, பிறகு குறைந்தது 10 நிமிடங்கள் படங்களைப் பார்க்கக் கூடாது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் இரண்டு மணி நேரப் பணிக்குப் பின் அரை மணி நேரம் விலக வேண்டும்.

நம் ஊர்களில் அடுக்குமாடிக் குடியிருப்பு, மருத்துவமனை, வங்கி, கடைத்தெரு எங்கும் கேமராக்கள் வந்துவிட்டன. அவற்றின் படங்கள் சேரும் அறையில் பெரும்பாலும் ஒருவர், பல திரைகள், பன்னிரண்டு மணி நேரம். நகை திருட்டுப் போன பிறகு பதிவை ஓட்டிப் பார்க்க அந்தக் கேமராக்கள் உதவுகின்றன. நடந்துகொண்டிருக்கும்போதே பிடிப்பதற்கு அந்த ஒருவர் என்ன செய்ய முடியும் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. அவருக்குப் பயிற்சி தர விரும்புபவர்கள் மூன்றைச் செய்யலாம். அந்த இடத்தில் உண்மையில் என்ன நடக்கக்கூடும் என்பதை அதே கேமராக்களின் கோணத்திலிருந்து எடுத்த காட்சிகளாகக் காட்டிக் கண்ணைப் பழக்கலாம். வாரத்தில் சில முறை, சொல்லாமல், ஒரு பை கேட்பாரற்றுக் கிடப்பது போன்ற காட்சியை நடத்தி, கண்டாரா இல்லையா என்பதை உடனே, திட்டாமல் சொல்லலாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வாசல் பணியில் இருப்பவரோடு இடம் மாற்றலாம். மூன்றாவதுக்குப் பாடமே தேவையில்லை. அட்டவணையைத் திருத்தினால் போதும்.

இயந்திரங்கள் தாமே ஓடத் தொடங்கியதும் இந்தப் பிரச்சினை சுருங்கவில்லை, பெருகியது. உளவியலாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-லேயே இதைச் சுட்டிக்காட்டினார்: எளிய பகுதியை இயந்திரத்திடம் தந்துவிட்டு, அது எப்போது தவறும் என்று பார்த்திருக்கும் வேலையை மனிதரிடம் விடுகிறோம், எவ்வளவு ஆர்வமுள்ளவராலும் ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு மேல் முடியாத வேலை அது.

2018 மார்ச் 18 இரவு, அமெரிக்காவின் அரிசோனாவில் டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானியங்கிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதியது. அவர் இறந்தார். காரின் கருவிகள் மோதலுக்கு 5.6 வினாடிகள் முன்பே அவரைக் கண்டிருந்தன; ஆனால் அது நடந்து வரும் மனிதர் என்று மென்பொருள் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. காரைத் தயாரித்த வால்வோ நிறுவனம் அதில் வைத்திருந்த சொந்த அவசர பிரேக் ஏற்பாடு, தானியங்கி ஓட்டத்தின்போது அணைக்கப்பட்டிருந்தது. ஆபத்து நேர்ந்தால் தலையிட வேண்டிய கண்காணிப்பு ஓட்டுநர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைபேசி கூடாது என்ற விதி இருந்தது; அதைப் பயிற்சியில் சொல்லியும் இருந்தார்கள். காருக்குள் ஓட்டுநரைப் படம்பிடிக்கும் கேமராவும் இருந்தது. ஆனால் அந்தப் பதிவுகளைப் பார்த்து ஓட்டுநரிடம் பேசுவது அரிதாகவே நடந்தது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2019-இல் கூறியது. இயந்திரத்தின் மீது மனம் சாய்ந்து விழிப்பைத் தளரவிடும் போக்குக்கு எதிராக நிறுவனம் போதிய ஏற்பாடு செய்யவில்லை என்றும் குறித்தது. விபத்துக்குச் சில மாதங்கள் முன்புதான், ஒவ்வொரு காரிலும் இருந்த இரண்டு பேரில் ஒருவரை நிறுவனம் விலக்கியிருந்தது.

நிறுவனத்தின் மீது குற்ற வழக்குப் பதிய அடிப்படை இல்லை என்று 2019-இல் அரசு வழக்கறிஞர் தரப்பு அறிவித்தது. ஓட்டுநர் மீது பதியப்பட்டது. 2023-இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பைப் பெற்றார். அந்தத் தீர்ப்புக்கு நான்கரை ஆண்டுகள் முன்பே, 2018 டிசம்பரில் பிட்ஸ்பர்க் சாலைகளில் சோதனையை மீண்டும் தொடங்கியபோது, ஊபர் ஒவ்வொரு காரிலும் இருவரை உட்கார வைத்துவிட்டது.